நாட்டின் வரைபடத்தில் மாமாவின் வயிறு

எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் மாமா முதலில் பார்ப்பது கழிப்பறையைத்தான். வங்கி, பள்ளிக்கூடம், துக்க வீடு, எதுவானாலும் சரி. செருப்பைக் கழற்றும்போதே கண் பின்பக்கம் போய்விடும். "ஒரு நிமிஷம்" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிவிட்டு உள்ளே நுழைவார். தாழ்ப்பாளை இரண்டு தடவை போட்டுத் திறப்பார். குழாயைத் திருகி, தண்ணீர் வரும்வரை காது கொடுத்துக் கேட்பார். இருமிவிட்டு நின்றுபோகிற குழாயை அவர் மன்னிப்பதே இல்லை. வாளியைத் தூக்கி அடியில் விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பார். வெளியே நிற்கிறவன் எட்டிப் பார்க்க முடியாத உயரத்தில்தான் ஜன்னல் இருக்கிறதா என்று தன் கழுத்தை வைத்தே அளந்துகொள்வார். இவ்வளவும் முடிந்தபின் ஒன்றும் செய்யாமல் வெளியே வந்துவிடுவார். அது அங்கே இருக்கிறது என்று தெரிந்தால் போதும், முகம் தெளிந்துவிடும். அதற்குப் பிறகுதான் யார் இறந்துபோனது என்றே விசாரிப்பார்.

"என் வயிறு தனி அரசாங்கம் மாப்ள. எப்ப உத்தரவு போடும்னு யாருக்கும் தெரியாது" என்பார்.

மாமா என்றால் என் அம்மாவின் தம்பி. பல்லுயிர்ப் பாதுகாப்புத் துறையில் ஆய்வாளர். அவருக்கென்று வாய்த்த உயிரினம் தும்பி. குளம், குட்டை, ஆற்றோரம் என்று வலையோடு அலைந்து, எங்கே எந்தத் தும்பி பறக்கிறது என்று பதிவு செய்வது வேலை. அலுவலகத்தில் அவர் பெயரே 'தும்பி சார்'தான். நானும் அதே துறைதான், பதிப்புப் பிரிவு. நிபுணர்கள் எழுதித் தருவதை அமைச்சர்கள் தூங்காமல் படிக்கும்படி மாற்றுவதும், கூட்டங்களில் உட்கார்ந்து நடவடிக்கைக் குறிப்பு எழுதுவதும் என் பொறுப்பு. பேசத் தெரியாதவனைப் பேசுகிறவர்கள் நடுவில் உட்காரவைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள். குடியிருப்பது மாமா வீட்டு மாடி அறையில்.

அந்த ஆண்டு நாட்டுக்குப் புதிய பல்லுயிர்க் கொள்கை தயாராகிக்கொண்டிருந்தது. பழைய கொள்கையில், அமைச்சர்கள் விடுமுறைக்குப் போய் ரசித்த இடங்களெல்லாம் பாதுகாக்கப்பட்ட காடாக இருந்தன. இந்தத் தடவை அப்படி இல்லை, எல்லாம் அறிவியல்படி என்று முடிவானது. அட்டையிலேயே அச்சடித்திருந்தோம், அந்த வரி என்னுடையது. நாட்டைச் சின்னச் சின்னச் சதுரங்களாக வெட்டி, ஒவ்வொன்றிலும் எத்தனை வகை உயிர்கள் பதிவாகியிருக்கின்றன என்று கணினியில் கூட்டி, நிறம் கொடுத்தார்கள். கரும்பச்சை என்றால் உயிர்வளம் மிகுந்த இடம்; குவாரி கிடையாது, சாலை கிடையாது, கையை வைத்தால் கம்பி எண்ணவேண்டும். மஞ்சள் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம். பறவைக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர் என்று தரவு தந்தார்கள். ஈரநிலங்களுக்குத் தும்பிதான் அளவுகோல். நாட்டிலேயே தும்பி பார்க்கிறவர் ஏறக்குறைய ஒரே ஆள் என்பதால், ஈரநில வரைபடம் முழுக்க மாமாவின் கைங்கரியம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்த வரைபடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் விரித்தார். சுருண்டுகொள்ளாமல் இருக்க ஒரு மூலையில் உப்பு ஜாடி, ஒரு மூலையில் ரேடியோ, மற்ற இரண்டிலும் என் கைகள். அத்தை எதிரே உட்கார்ந்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். பேருந்துப் பணிமனையில் நேர அட்டவணை போடுகிற வேலை அவருக்கு. எந்த வண்டி எங்கே எத்தனை மணிக்குப் போகும் என்று சொல்லிவிடுவார், மாமா எப்போது வீட்டுக்கு வருவார் என்பதைத் தவிர.

"பாரு மாப்ள, என் வாழ்நாள் பூரா நனைஞ்ச பேண்ட்டு இது" என்று மாமா வரைபடத்தைத் தடவிக் கொடுத்தார். "இது வடக்கு அணைக்கட்டு. எப்படிக் கரும்பச்சையா நிக்குது பாரு! பொறியாளர் விடுதி ஒண்ணு இருக்கு, வெள்ளை ஓடு பதிச்சது. எந்நேரமும் தண்ணி. ஒரு வாரம் ராஜா மாதிரி இருந்தேன். இது ஆத்து முகத்துவாரம். எதிர்லயே பெட்ரோல் பங்க். சாவி கேட்டு வாங்கணும், ஆனா சுத்தம்னா அப்படி ஒரு சுத்தம்! இந்தா, இது மலையடிவாரக் குளம். கரையிலயே பள்ளிக்கூடம். காவலாளி தங்கமான மனுஷன், லீவு நாள்ல கூடத் திறந்து விட்டுடுவான்."

அத்தை கத்தியை நிறுத்தினார். "ஏங்க, தும்பிக்கும் உங்கள மாதிரி வயிறா? எல்லாம் கக்கூஸ் பக்கத்துலயே வீடு கட்டிக்கிட்டு இருக்கு?"

எனக்குச் சிரிப்பு வந்து, கை விட்டுப்போய், வரைபடத்தின் கிழக்குப் பகுதி சுருண்டுகொண்டது. மாமாவும் சிரிக்க ஆரம்பித்தார். பாதியில் நின்றுவிட்டார். அடுத்த கரும்பச்சைக்கு மேலே போயிருந்த விரல் அப்படியே அந்தரத்தில் நின்றது. பிறகு மெல்லத் தெற்கே நகர்ந்து, ஒரு பெரிய மஞ்சள் திட்டின் மேல் இறங்கியது. அது நாணல் நிலம். பார்வை போகிற தூரம்வரை சேறும் நாணலும்தான்.

"இங்க நான் போனதில்ல" என்றார்.

"போகாமலா மஞ்சள் அடிச்சிருக்கு?" என்று கேட்டேன்.

"மெஷினுக்கு என்னடா தெரியும்? பதிவு இல்லன்னா மஞ்சள். தும்பி இல்லாட்டியும் மஞ்சள், நான் போகாட்டியும் மஞ்சள்." மாமா நாற்காலியில் உட்கார்ந்தார். "ஒரு தடவ பஸ்ஸ விட்டு இறங்கினேன். சுத்திப் பாத்தேன். ஒரு கூரை இல்ல, ஒரு சுவர் இல்ல. அடுத்த பஸ்ல ஏறிட்டேன்."

விஷயம் அங்கேதான் சிக்கலானது. அந்த நாணல் நிலத்தின் நடுவே ஒரு நெடுஞ்சாலை போடச் சாலைத்துறை வெகுநாளாகக் காத்திருந்தது. அந்த வாரம் வியாழக்கிழமை நிபுணர் குழு வரைபடத்தை ஏற்றுக்கொண்டால், மஞ்சள் மஞ்சளாகவே நிலைக்கும். சாலைக்கு வழி திறந்துவிடும். அதே குழு இன்னொரு முடிவும் எடுக்கவிருந்தது. புதிதாக வரப்போகும் தேசியத் தரவு மையத்துக்குத் தலைவராக மாமாவைப் போடலாம் என்று குழுத் தலைவர் ஏற்கனவே ஜாடையாகச் சொல்லியிருந்தார். அந்த மையத் தலைவரின் அறைக்கு உள்ளேயே கழிப்பறை உண்டு. மாமா போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தார். வெந்நீர்க் குழாய்கூட இருக்கிறதாம். அதை வர்ணித்தபோது அவர் குரல் தழுதழுத்தது.

"அப்ப குழுவுல சொல்லிடுங்க" என்றார் அத்தை.

"என்னன்னு சொல்றது?"

"வயிறுன்னு சொல்லுங்க."

"ஏண்டி, ஒரு நாட்டோட கொள்கைக் கூட்டத்துல போய் வயிறுன்னு சொல்ல முடியுமா?"

"வயித்த வச்சு நாட்டுக்கே கொள்கை போடலாம், வாயத் தொறந்து சொல்லக் கூடாதோ?"

மாமா வரைபடத்தைச் சுருட்ட ஆரம்பித்தார். "பதவி போயிடும்" என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

"போனாப் போகுது" என்றார் அத்தை, வெங்காயத்தைப் பார்த்தபடி. "ஆனா அந்த ரூமுக்குன்னு ஆசையா வாங்கின திரைச்சீலையத் திருப்பிக் கொடுக்க மாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

வியாழக்கிழமைவரை மாமா என்ன செய்யப்போகிறார் என்று எங்களுக்குத் தெரியாது. அவருக்கும் தெரிந்திருக்காது. அலுவலகத்தில் ஒரு கண்ணாடித்தாளை வரைபடத்தின் மேல் வைத்துக்கொண்டு, நினைவிலிருந்து சிவப்புப் புள்ளிகள் குத்திக்கொண்டே இருந்தார். அவர் வாழ்க்கையில் நம்பிப் பயன்படுத்திய கழிப்பறைகள் அத்தனையும். யாராவது வந்தால் அதன்மேல் செய்தித்தாளைப் போட்டு மூடினார்.

கூட்ட அறையில் ஏசி ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்கடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி. குழுத் தலைவர் தாவரவியல் அறிஞர். கொண்டையில் பென்சில் செருகியிருப்பார். அந்தப் பென்சில் வெளியே வந்தால் யாருடைய தரவோ அடிபடப்போகிறது என்று பொருள். இந்தப் பக்கம் பறவைக்காரர், மீன்காரர், மாமா. அந்தப் பக்கம் மடிப்புக் கலையாத சட்டையில் சாலைத்துறை அதிகாரி. ஓரத்தில் நான்.

ஈரநிலத்தின் முறை வந்ததும் மாமா எழுந்தார். "ஈரநிலத் தரவில் கணிசமான மாதிரியெடுப்புச் சார்பும், இடஞ்சார்ந்த முயற்சிச் சமமின்மையும் காணப்படுகின்றன" என்றார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். மீன்காரர் இன்னொரு பிஸ்கட்டை எடுத்துக்கொண்டார்.

"சார்பு இல்லாத தரவு எங்க இருக்கு? பின்னிணைப்புல ஒரு வரி போட்டுடலாம்" என்று தலைவர் என்னைப் பார்த்தார். நான் எழுதிக்கொண்டேன். எங்கள் துறை தொடங்கிய நாளிலிருந்து பின்னிணைப்பைப் படித்த ஒரே ஆள், அதைத் தட்டச்சு செய்தவர்.

மாமா உட்கார்ந்தார். அப்பாடா என்று இருந்திருக்க வேண்டும். அழகான சொற்களில் உண்மையைச் சொல்லியாகிவிட்டது, யாருக்கும் புரியவும் இல்லை. அறை கிடைத்துவிடும், வெந்நீரும் கிடைத்துவிடும். நாணல் நிலம் மட்டும் போய்விடும். அவர் காது மடல்கள் சிவந்துகொண்டே வந்ததை நான் பார்த்தேன். மறுபடியும் எழுந்தார்.

"அம்மா, ஒரு வரி போதாது."

"ஏன் சார்?"

"நான் கக்கூஸ் இருந்த இடத்துக்கு மட்டும்தான் போயிருக்கேன்."

ஏசித் தண்ணீர் வாளியில் சொட்டுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

"என்ன சொல்றீங்க?"

"எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே வயிறு சரியில்லம்மா." மாமா கண்ணாடித்தாளை எடுத்து வரைபடத்தின் மேல் பொருத்தினார். ஒவ்வொரு கரும்பச்சையின் நடுவிலும் ஒரு சிவப்புப் புள்ளி, சட்டைக்குப் பொத்தான் தைத்த மாதிரி உட்கார்ந்தது. "சிவப்பு கக்கூஸ். பச்சை தும்பி."

சாலைத்துறை அதிகாரி எட்டிப் பார்த்தார். "சார், இது ஈரநில வரைபடமா, பொதுக் கழிப்பிட வரைபடமா?"

சிரிப்பு மேசையைச் சுற்றி ஓடியது. மாமா சிரிக்கவில்லை. "ரெண்டும் ஒண்ணுதான் சார். அதைத்தான் சொல்ல வந்தேன்."

அப்போதுதான் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது. பறவைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே, "கிழக்குக் கடற்கரைல அவ்வளவு பறவை இருக்கிறதா என் தரவு காட்டுதே, அது என் மாமியார் ஊரு" என்றார்.

"அதுக்கென்ன?" என்றார் தலைவர்.

"வீட்டுக்குள்ள உக்கார முடியாதுங்க. விடிஞ்சதும் பைனாகுலர எடுத்துட்டுக் கிளம்பிடுவேன். சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டேன்."

"எவ்வளவு காலமா இது நடக்குது?"

"கல்யாணம் ஆன நாள்லேர்ந்து."

மீன்காரர் கையிலிருந்த பிஸ்கட்டைத் தட்டிலேயே திருப்பி வைத்தார். அவருடைய மீன்களெல்லாம் எந்த நண்பர் தோட்டத்து ஆற்றில் நீந்தின என்று இன்றுவரை தெரியாது.

நான் குறிப்பில் 'சுகாதார வசதிகள்' என்று எழுதியிருந்தேன். தலைவர் எட்டிப் பார்த்து, பென்சிலை உருவி அதை அடித்தார். "கழிப்பறைன்னே எழுதுங்க தம்பி. மனுஷன் அதைச் சொல்லத்தான் இவ்வளவு பாடுபட்டார்."

மாமா கேட்டது ஒன்றே ஒன்றுதான். மூன்றாவதாக ஒரு நிறம். சாம்பல். 'இங்கே யாரும் பார்க்கவில்லை' என்று பொருள். பார்க்கும்வரை அந்தச் சதுரத்தில் யாருக்கும் அனுமதி கூடாது.

சாலைத்துறை அதிகாரிக்கு இப்போது சிரிப்பு போய்விட்டது. "தெரியாதுங்கிறதுக்கெல்லாம் ஒரு கலரா? நாடே சாம்பலாயிடும் சார்! நாணலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஜனங்க ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம் சுத்திக்கிட்டுப் போறாங்க தெரியுமா? உங்க வயிறு சரியாகிற வரைக்கும் அவங்க காத்துக்கிட்டு இருக்கணுமா?"

அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. மாமா அவர் பக்கம் திரும்பினார். "சீக்கிரம் பாத்துடணும்னுதான் சார் சொல்றேன். பாத்து, அங்க ஒண்ணும் இல்லன்னா, இல்லன்னு நானே எழுதித் தரேன். பாக்காம எழுத மாட்டேன்."

தலைவர் பென்சிலைக் கொண்டையில் செருகினார். "திங்கக்கிழமை சொல்றேன்" என்று எழுந்து போய்விட்டார்.

அந்தச் சனியும் ஞாயிறும் வீட்டில் மாமாவோடு இருந்தவர்களுக்குத்தான் தெரியும். தொலைபேசியில் என் அம்மாவிடம் கூட்டத்தை விவரித்தார். பக்கத்து வீட்டுக்காரரிடம் விவரித்தார். பால்காரரிடமும். ஒவ்வொரு தடவையும் பேச்சு நீண்டது, மேசை பெரிதானது, சாலைத்துறை அதிகாரி இன்னும் கொடியவரானார்.

"முந்தாநேத்து 'சொன்னேன்'னீங்க, நேத்து 'எடுத்துச் சொன்னேன்'னீங்க, இன்னைக்கு 'முழங்கினேன்'ங்கிறீங்க" என்றார் அத்தை. "நாளைக்கு மேசை மேல ஏறிடுவீங்க போல."

வாய்தான் அப்படி. நடுநடுவே எழுந்துபோய்த் தன் வீட்டுக் கழிப்பறையின் தாழ்ப்பாளையே போட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

திங்கட்கிழமை தலைவர் வந்தார். உட்காரவில்லை. "மூணாவது நிறம் உண்டு" என்றார். "நாணல் நிலத்த முதல்ல பாக்கணும். மழைல ஒரு தடவ, வெயில்ல ஒரு தடவ. அப்புறம் சாலைத்துறை கேக்கட்டும். தும்பி சார் போவார்."

"நானாம்மா?"

"பின்ன, நானா?"

ஏன் அப்படி முடிவு செய்தார் என்று ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை என்றுதான் நாங்கள் நினைத்தோம். மாமா முழங்கிவிட்டாரே. வரைபடம் மறுபடி அச்சாகி வந்தபோது நாட்டில் பாதிக்கு மேல் சாம்பல். அமைச்சர் அதைப் பார்த்துவிட்டு, "இத்தனை வருஷமா என்னதான்யா பண்ணிக்கிட்டு இருந்தீங்க?" என்று கேட்டாராம். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பில் இருக்கிறவருக்கு அந்த நேரத்தில் பதவி உயர்வு கொடுக்க முடியாது. தரவு மையத்தின் தலைவரானார் பறவைக்காரர். அவருடைய உண்மை சிரிப்போடு போய்விட்டது, மாமாவுடையது வரைபடத்தில் ஏறிவிட்டது. மாமா அவருடைய அறைக்குப் போய் வாழ்த்திவிட்டு, உள்ளேயும் ஒருமுறை போய்வந்து, "வெந்நீர்க் குழாய் கொஞ்சம் இருமுது, பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

நாணல் நிலத்துக்கு அவர் ஒரு மண்வெட்டியோடும், நான்கு கழிகளில் கட்டிய துணிக் கூடாரத்தோடும் போனார். திரைச்சீலையை வெட்டி அத்தை தைத்தது. பூப்போட்ட துணி. சேற்றுக்கு நடுவே அது நிற்கிற புகைப்படத்தை மாமா யாருக்கும் காட்டுவதில்லை, அத்தை எல்லோருக்கும் காட்டுவார். மழையில் ஒருமுறை, வெயிலில் ஒருமுறை. இரண்டு தடவையும் காலெல்லாம் அட்டைக்கடியோடு திரும்பினார். கிழக்குப் பாதியில் தும்பிகள் மண்டிக் கிடந்தன. நாட்டில் இதுவரை யாரும் பதியாத வகை ஒன்றும் இருந்தது. ஒரு வாரம் கால் தரையில் படாமல் நடந்தார். அப்புறம் எல்லைக்கு அந்தப் பக்கத்து நிபுணர் எழுதினார்: எங்கள் ஊரில் அது ஈ மாதிரி, சமையலறைக்குள்கூட வரும்.

மேற்குப் பாதியில் ஒன்றும் இல்லை. மாடு மேய்ந்து, காய்ந்து, எங்கும் காணக்கூடிய சாதாரணத் தும்பிகள். அதையும் அப்படியே எழுதினார்: சாலை மேற்கே போகலாம். அவரைப் புகழ்ந்து கட்டுரை எழுதிய இயற்கை ஆர்வலர்களே விலைபோய்விட்டார் என்று திட்டினார்கள். சாலைத்துறை அதிகாரி தொலைபேசியில் கூப்பிட்டார்.

"சார், நிஜமாத்தான் சொல்றீங்களா?"

"பாத்துட்டேன் சார். அங்க ஒண்ணும் இல்ல" என்றார் மாமா. 'இல்லை' என்பதை அவ்வளவு ருசித்து யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

சாலை இப்போது மேற்கே போகிறது. சற்றுச் சுற்றுதான். ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் அதில்தான் போகிறார்கள்.

கொள்கையின் இரண்டாம் பதிப்பை அச்சகத்துக்குக் கொண்டுபோக வேண்டியிருந்த ஒருநாள், குழுத் தலைவரின் காரில் என்னை அனுப்பினார்கள். ஓட்டுநர் பேச்சுத் துணை தேடுகிறவர். நான் கேட்கத் தெரிந்தவன். சிக்னலில் நிற்கும்போது அட்டையில் இருந்த வரைபடத்தின் தெற்குப் பக்கத்தைக் காட்டி, "இந்த நாணல் இடத்துக்கு நான் தலைவரம்மாவக் கூட்டிட்டுப் போயிருக்கேன் தம்பி" என்றார்.

"எப்ப?"

"ஏதோ கூட்டம் நடந்து ஒரே சிரிப்பா இருந்துச்சுன்னு சொன்னாங்களே, அதுக்கு அடுத்து வந்த ஞாயித்துக்கிழமை, முடிவு சொல்றதுக்கு முந்தின நாள். லீவு நாள்ல கூப்பிட்டாங்க. யாருக்கும் சொல்லாதேன்னாங்க, இப்பதான் ஓய்வு வாங்கிட்டுப் போகப்போறாங்களே, பரவால்ல. அங்க போய் இறங்கி உள்ள நடந்தாங்க. பத்தடி போயிருப்பாங்க, முட்டிக்கு மேல சேறு. ஒரு செருப்பு உள்ளயே போயிடுச்சு. திரும்பி வந்து பின் சீட்டுல உக்காந்துட்டாங்க. 'என்னம்மா பாத்தீங்க?'ன்னு கேட்டேன்."

பச்சை விழுந்தது. கியரை மாற்றினார்.

"'ஒண்ணுமே பாக்க முடியலப்பா, வண்டிய எடு'ன்னாங்க."